ஹெதருக்குப் பழக்கிய இறைச்சி

ஆட்டிறைச்சியை அவசரப்பட்டு அவிக்கக் கூடாது, மிஸ். தோள்பக்கத்து இறைச்சியை எலும்போடு வாங்கி, வினாகிரியும் மிளகும் பிரட்டி வைத்து, வெங்காயம், கறுவா, கராம்போடு குறைந்த நெருப்பில் விட வேண்டும். கடைசியில்தான் உருளைக்கிழங்கு. இறைச்சி எலும்பை விட்டுக் கழன்றால் சின்னப் பிள்ளைகளும் சாப்பிடுவார்கள். பிள்ளையை நான் பட்டினி போட்டதாக, விசாரிக்க வந்த உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் இந்த ஸ்டூ வேகாத நாள் குறைவு.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு மட்டக்களப்பில் பலர் மீன் வாங்கவில்லை. அந்த மீன்கள் எதைத் தின்றிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இறைச்சிக்கடை பாறூக் நானா என்னைக் கண்டாலே சிரிப்பார்.

“நாளாந்தம் வாறீங்க, ஐறிஸ் மிஸி. ஊட்டுல புலி ஏதும் வளக்கிறீங்களா?”

சொல்லிவிட்டு அவரே பயந்துபோய் இரண்டு பக்கமும் பார்த்தார். வீதி முனையில் ஆமிக்காரர்கள் நின்றார்கள்.

“மகளுக்கு, நானா,” என்றேன்.

என் கணவர் லெஸ்டரை அலை கொண்டுபோனது. கடற்கரைப் பக்கம் டச்பாரில் எங்கள் வீடு இருந்த இடத்தில் மணல்தான் மிஞ்சியது. பள்ளிக்கூடத்து முகாமில் ஒரு பெண்பிள்ளை தனியாக இருந்தாள். நான்கு வயதிருக்கும். “ஹெதர்” என்று கூப்பிட்டேன். என் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்து எழுந்து வந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்களைத் தெரியாத ஒரு தெருவில் வீடு எடுத்தேன். பூசைக்குப் போவதையும் நிறுத்தினேன்.

அதன் பிறகு இரண்டு வருடங்கள் நான் பயத்தோடுதான் இருந்தேன். கேற்றில் காற்று மோதினாலும் ஓடிப்போய் வீதியை எட்டிப் பார்த்தேன். அவள் தூக்கத்தில் பேசினால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

இறைச்சியை முதன்முதல் கொடுத்தபோது சத்தியெடுத்தாள். பசித்தால் சாப்பிடுவாள் என்று விட்டேன். பசித்தது. சாப்பிட்டாள்.

வாகரைப் பக்கம் சண்டை நடந்து சனங்கள் இடம்பெயர்ந்து வந்த வருடம், ஒரு மத்தியானம், வதனி என்பவள் கேற்றைத் திறந்துகொண்டு வந்தாள். மெலிந்த பெண். காலில் புழுதி.

“உங்கட மகளை ஒருக்காப் பாத்திட்டுப் போறன் அக்கா. கடைத்தெருவுல கண்டனான். என்ட புள்ளைட நடை மாதிரி இரிக்கி.”

“அவள் என்ட மகள். ஹெதர்.”

பிள்ளை மேசையில் இருந்தாள். வதனி அவள் முன்னால் முழங்காலில் இருந்தாள். “மனே, என்னத் தெரியுதா?” பிள்ளை சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வதனி என் பக்கம் திரும்பினாள். “எனக்கு ரெண்டு புள்ளை தங்கல்ல அக்கா. மறுகா இவள் வயித்துல இரிக்கக்குள்ள அம்மாளுக்குக் கிடாய் நேந்து விட்ட. அதால ஊட்டுல ஆட்டிறைச்சி படாது. மணத்தாலயே இவளுக்கு ஓங்காளம் வரும்.”

அது எனக்குத் தெரியும். முகாமிலிருந்து கூட்டி வந்த முதல் கிழமையே பிள்ளை எல்லாம் சொல்லிவிட்டாள்: தன் பெயர், அம்மாவின் பெயர் வதனி, ஊர் மாங்கேணி, கோயிலுக்கு விட்ட கிடாய். அதனால்தான் நான் ஆட்டிறைச்சியைத் தெரிந்தெடுத்தேன். என்றாவது யாராவது தேடி வருவார்கள் என்று பயந்திருந்தேன்.

“அப்ப நீங்களே இருந்து பாருங்க,” என்று ஸ்டூவை அள்ளிப் போட்டேன்.

பிள்ளை ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள், விழுங்கினாள். எலும்பைப் பிடித்து உள்ளே இருந்ததையும் உறிஞ்சினாள். வதனி அவளுடைய வாயையே பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“இவள் என்ட புள்ள இல்ல.”

அதே வார்த்தைகளை நானும் ஒரு முறை சொல்லியிருக்கிறேன். அலை வந்த மறுநாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் நான் பெற்ற ஹெதரின் உடலைக் காட்டினார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு நான் தைத்த சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். “இவள் என்ட பிள்ளை இல்லை,” என்றேன். பெயரில்லாதவர்களோடு புதைத்தார்கள். என் ஹெதர் சாகவில்லை என்றால் எங்கேயோ இருக்க வேண்டும். அவளைத்தான் நான் முகாம் முகாமாகத் தேடினேன்.

வதனிக்கும் கொஞ்சம் ஸ்டூ கொடுத்துவிடப் பார்த்தேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “வேணா அக்கா. புள்ள இல்லாட்டியும் நேத்தி இரிக்கிதானே. என்னப் பைத்தியம் எண்டு நினைச்சிராதீங்க.”

அவள் போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கேற்றடியில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். பிள்ளை வெறும் கோப்பையைத் தூக்கிக் காட்டினாள்.

“முடிச்சிட்டன் மம்மி. இண்டைக்கு என்னக் கிணத்துக்குள்ள இறக்க மாட்டீங்கதானே?”

வதனி ஓடி வந்ததையும், சனம் கூடியதையும் நீங்கள் அறிவீர்கள். கிணற்றில் தண்ணீர் பிள்ளையின் இடுப்பளவுதான், மிஸ். கயிற்றை நான் ஒரு நாளும் கைவிட்டதில்லை. அலைக்குப் பிறகு அவள் தண்ணீருக்குப் பயந்தாள். வேறு எதற்கும் அவள் பயப்படவில்லை, நான் என்ன செய்ய. ஆனால் அன்றைக்கு, அவ்வளவு கூச்சலுக்கு நடுவிலும், அவள் என் கையைப் பிடித்து இன்னும் ஒரு துண்டு கேட்டாள். பயந்த பிள்ளை அப்படிக் கேட்குமா, மிஸ்.