எண் 6183

டேலின் மனைவி ஜீன் அடுப்பில் சுடும் 'பூசணிப் பை' என்ற இனிப்பு நன்றாகவே இருக்கும். அந்த வீட்டில் மதிக்கத்தக்கது அது ஒன்றுதான்.

டேல் ஸ்டாஃபர் என் பக்கத்துப் பண்ணைக்காரன். போர் முடிந்ததும் அவன் அப்பா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ராணுவ ரைஃபிளால் மான் சுடுவான். சேறோடு லாரியின் பின்னால் வீசுவான். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் குளிரில் இறுகினால் சுத்தியலால் தட்டுவான். ஓஹையோவில் சரித்திரம் இப்படிப்பட்டவர்கள் கையில்தான் இருக்கிறது.

என்னிடமும் அதே வகை ரைஃபிள். குழல், கட்டை, திருகு வரை எல்லாவற்றிலும் தொழிற்சாலையில் பொறித்த ஒரே எண், 6183. போல்ட்டில் மட்டும் வேறு எண். ஜெர்மானியர் சரணடைந்தபோது துப்பாக்கிகளை ஒரு குவியலாகவும் போல்ட்டுகளைக் கழற்றி இன்னொரு குவியலாகவும் போட்டார்கள். ஊர் திரும்பிய நம் சிப்பாய்கள் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டார்கள். என் துப்பாக்கியோடு பிறந்த போல்ட்டைப் பாதி ஆயுள் தேடினேன். ஒருநாள் டேலின் துப்பாக்கியை வாங்கிப் பார்த்தபோது அவன் போல்ட்டில் 6183 இருந்தது.

மாற்றிக்கொள்ளலாமா என்று துப்பாக்கி கிளப்பில் வைத்துக் கேட்டேன்.

"சுடுதுல்ல, அப்புறம் என்னடா ராய்ஸ்?" என்றான், வாய் நிறைய சாண்ட்விச்சோடு.

"ரெண்டும் ஒண்ணாப் பொறந்தது, டேல்."

"அப்போ பொறந்தநாளைக்கு கேக் வெட்டுவோமா?" எல்லோரும் சிரித்தார்கள். "அது எங்கப்பா தொட்ட சாமான். நான் செத்தப்புறம் வந்து எடுத்துக்க, போ."

அதை நான் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நாலு பேர் முன்னால் சொன்னது வேறு.

மான் வேட்டைப் பருவம் தொடங்கும் காலையில் ஓக் மரத்துப் பரணில் ஏறுவது அவன் வழக்கம். பரணைத் தாங்கிய வார்ப்பட்டையை அறுத்து வைத்தது நான். விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. "ராய்ஸ், ஜீனுக்கு ஒரு போன் போடுடா," என்றான். நான் போல்ட்டைக் கழற்றினேன். பழைய எண்ணெயும் மான் ரோமமும் அப்பிக் கிடந்தன. எந்த மனிதனும் ஒரு பொருளை அப்படி வைத்திருக்கக் கூடாது. துடைத்து முடித்தபோது அவன் பேச்சை நிறுத்தியிருந்தான்.

நான் திருடன் அல்ல. என் போல்ட்டை அவன் துப்பாக்கியில் மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்து நடந்த துப்பாக்கிக் கண்காட்சியிலேயே என் ரைஃபிளை மேசையில் வைத்தேன். ஒளிக்க என்ன இருக்கிறது? டேலின் மகள் போல்ட் கைப்பிடியிலிருந்த சுத்தியல் வடுவை அடையாளம் கண்டுகொண்டாள்.

இப்போது நீங்கள், போலீஸ் அதிகாரியம்மா, ஒரு லென்ஸை நீட்டுகிறீர்கள். அந்தத் தொழிற்சாலையில் பத்தாயிரம் ஆனதும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், எண்ணுக்கு அடியில் உள்ள எழுத்து மட்டும் மாறும் என்று யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் பிறக்கும் முன்பே எனக்கு அது தெரியும். என் குழலில் இருப்பது 'c'. போல்ட்டில் இருப்பது 'e', இது வேறொரு துப்பாக்கியின் போல்ட் என்கிறீர்கள். உங்கள் நிபுணருக்கும் அப்படித்தான் தெரிகிறதாம்.

அது 'c' தான். நடுவில் தெரிவது கோடல்ல, டேலின் அழுக்கு. ஒரு துணி கொடுங்கள். இன்னும் கொஞ்சம் துடைத்தால் போய்விடும்.