வாயால் சொல்லாத பாஸ்வேர்டு

— ஏ கலைச்செல்வி, மறுபடியும் தப்புங்குது! கொஸ்டின் பேப்பர் பூரா மோடம்ல வந்து சேந்துட்டு. தொறந்தாத்தான அச்சடிக்க முடியும்? பாஸ்வேர்டைச் சொல்லித் தொலை தாயே.

— போன்ல சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சொன்னிய?

— சொன்னேன். போன தடவை நீ டைப் அடிச்ச பிளாப்பியை முக்கூடல் பஸ் கண்டக்டர்ட்ட குடுத்துவிட்டு, பரீட்சைக்கு முந்தியே கேள்வி ஊர் பூரா தெரிஞ்சிபோச்சு. அதான் பூட்டுப் போட்டு அனுப்புன்னேன்.

— எவன் கேட்டாலும் ஒன் வாயில வராத வார்த்தையா வையின்னிய. வச்சேன்.

— எவன் கேட்டாலும்னா, எனக்குமா? பரீட்சை நாளைக்குப் புள்ள! இங்க பாளையங்கோட்டை அச்சாபீஸ்ல மொதலாளி “இசக்கிமுருகா, பேப்பர் எங்கலே”ன்னு உசுர வாங்குதாரு.

— நான் என்ன செய்ய?

— ஒவ்வொரு எழுத்தாவாச்சும் சொல்லேன்.

— எழுத்தெழுத்தாச் சொன்னாலும் சொன்னதுதான.

— அப்படி என்ன, கெட்ட வார்த்தையா?

— ச்சீ! ஒரு ஆளு பேரு. எங்க வீட்டுப் பொம்பளைய யாரும் வீட்டுக்காரர் பேரைச் சொல்லமாட்டாவ. ரேஷன் கடையில கேட்டாக்கூட எங்கம்மா கார்டைத்தான் நீட்டுவா.

— ஒனக்குத்தான் கல்யாணமே ஆகலையே!

— ஆகலன்னா? மனசுல ஒரு ஆளு இருக்கக் கூடாதா?

— ஓ... வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வருதான்லா, களக்காட்டுக்காரன், அவனா? பக்கத்துல யார்ட்டயாவது போனைக் குடு. அவன் பேரைக் கேட்டுக்கிடுதேன்.

— யார்ட்டயும் குடுக்க வேண்டாம். ஆவுடைநாயகம்.

— அப்படிச் சொல்லு! இதுக்கா இம்புட்டு ராங்கி? இரு, அடிக்கேன்... ஏ, இதுவும் தப்புங்குதே!

— தப்பாத்தான் இருக்கும்.

— வெளையாடுதியா? காலையிலேருந்து தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருக்கேன். நீதான இப்பம் பேரைச் சொன்ன?

— அதான் சொல்லுதேன். அவரு பேரு என் வாயில தாராளமா வருது. அவரு வேண்டாம்னு அழுதுகிட்டே எங்கம்மாட்டயும் சொல்லிப்பாத்தேன், கேக்க மாட்டேங்கா.

— அப்பம் எந்தப் பேருதான் வராது?

— வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்களே கண்டுபிடிங்க.

— கூறுகெட்டவளே, பரீட்சை நாளைக்கு!

— ஒங்களுக்கு நாளைக்கு, எனக்கு வெள்ளிக்கிழமை. பொங்கல் வரைக்கும் ஒங்களைப் பேரு சொல்லித்தான கூப்பிட்டேன்? அதுக்கப்புறம் ஒருக்கவாது கூப்பிட்டேனா?