சுவருக்குள் ஒரு தொலைநோக்கி

— போனை வாசல் கேட்லயே வாங்கி வச்சாச்சு மேடம். ரூல்படி பாத்தா நீங்க கட்டியிருக்கிற வாட்ச்கூட உள்ள வரக் கூடாது. நான்தான் கண்டுக்கல.

— யார்கூடயும் பேசறதுக்கு இல்ல சார். இந்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும் அந்த போன்லதான் இருக்கு. இது கம்ப்யூட்டர் வச்ச தொலைநோக்கி. கடைசியா எங்க காலேஜ் மொட்டை மாடியில வச்சுப் பாத்தோம். இப்பவும் அங்கேயே நிக்கிறதா நினைச்சுக்கிட்டு இருக்கு. ஜெயிலுக்கு வந்தாச்சுன்னு நாமதான் அதுக்குச் சொல்லணும்.

— ஜெயில் எங்க இருக்குன்னு ஒரு மெஷின்ல பதிஞ்சு வெளிய கொண்டு போறதா? சூப்பிரண்டு கையெழுத்து இல்லாம நடக்காது. வார்டர் வேலையில தலை நரைச்சாச்சு, ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எனக்கு எதுக்கு இந்த வம்பு?

— பஸ் போர்டுலயே ஜெயில் ஸ்டாப்புன்னு போட்டிருக்கே சார்.

— பஸ்ஸுக்கு நான் பொறுப்பு இல்ல.

— ஐயா, நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. முக்காலிக்கு மட்டம் பாத்துட்டேன். இந்தப் பக்கம் தரை இறக்கமா இருக்கு. ஒரு காலை மட்டும் கொஞ்சம் நீட்டி விட்டா நேரா நிக்கும்.

— நீட்டி விடு மேஸ்திரி. ரசமட்டத்தை மறக்காம ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துடு. அப்புறம் எண்ணிக்கையில ஒண்ணு குறையுதுன்னு என் தலைதான் உருளும்.

— குடுத்துடறேங்க ஐயா. அதை வச்சு நான் எந்த வீட்டைக் கட்டப் போறேன்.

— சார், வேற ஒரு வழி இருக்கு. இந்த மெஷினுக்குள்ள ஊர்ப் பட்டியல் இருக்கு. பக்கத்துல இருக்கிற பெரிய டவுனைத் தேர்ந்தெடுத்துட்டா போதும். ஜெயில் பேரே வராது. நட்சத்திரம் இருக்கிற தூரத்துக்கு இந்த இருபது முப்பது கிலோமீட்டர் எல்லாம் ஒரு கணக்கே இல்ல.

— அப்போ மெஷின்கிட்ட பொய் சொல்றோம்.

— சின்னப் பொய்தான்.

— உள்ள இருக்கிறவங்க பாதிப் பேர் இப்படித்தான் மேடம் ஆரம்பிச்சாங்க. சரி, டவுன் பேரைப் போடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல.

— போட்டாச்சு. தேதி போட்டாச்சு. இப்ப நேரம் கேக்குது. என் வாட்ச் கொஞ்சம் முன்ன பின்ன ஓடும் சார்.

— என்னோடது சங்கு ஊதற நேரத்துக்கு வச்சது. நொடி பிசகாது. இந்தாங்க, பாத்துக்கோங்க.

— நன்றி. அடுத்து, கோடைக்கால நேரமா, சாதாரண நேரமான்னு கேக்குது.

— உள்ள எல்லாக் காலமும் ஒரே நேரம்தான் டீச்சர்.

— சாதாரணம்னே போட்டுடறேன் மேஸ்திரி. சார், அந்தப் பெரிய லைட்டை அணைக்கலாமா?

— கோபுரத்துல இருக்கிறவனுக்கு டார்ச்சைக் காட்டினா அணைப்பான். கால் மணி நேரம்தான் அனுமதி. ஒருத்தனைத்தான் பூட்டாம வெளிய விட்டிருக்கு, இன்னிக்கு ஒத்திகைங்கிறதால. நாளைக்கு இதைப் பாக்க அம்பது கைதிங்க வரிசையில நிப்பாங்க. மேஸ்திரி, லைட் அணைஞ்சதும் என் பக்கத்துலயே நில்லு.

— எங்கயும் போக மாட்டேங்க.

— நீ போக மாட்டேன்னு எனக்குத் தெரியும்யா. மேல இருக்கிறவனுக்குத் தெரியணுமே. இதோ... ஆங், அணைச்சுட்டான்.

— அடேயப்பா.

— என்ன மேஸ்திரி?

— ஒண்ணுமில்ல டீச்சர். சாயங்காலம் பூட்டினா காலையிலதான் திறப்பாங்க. இருட்டைக் கம்பி வழியா பாத்திருக்கேன். அதுலயும் பாதி லைட் வெளிச்சம். இப்படி மண்ணுல கால் வச்சு இருட்டுல நின்னு ரொம்ப நாள் ஆச்சு. குளுகுளுன்னு இருக்கு.

— கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க. நான் மோட்டாரைப் போடறேன். ரெண்டு நட்சத்திரத்தை அதுக்கு அடையாளம் காட்டிட்டா மிச்ச வானத்தை அதுவே கண்டுபிடிச்சுக்கும். முதல் நட்சத்திரம் திருவாதிரை. பாருங்க, அதுவா திரும்புது.

— பேய் பிடிச்ச மாதிரி தானா சுத்துதே. ஆனா சுவத்தைப் பாத்துல்ல மேடம் நிக்குது?

— திருவாதிரை இப்பதான் கிழக்குல ஏறிட்டு வருது சார். நட்சத்திரம் சரியா அங்கதான் இருக்கு. நடுவுல சுவர் இருக்கிறது இதுக்குத் தெரியாது.

— குடுத்து வச்ச மெஷின்.

— பரவாயில்ல, வேற ஒண்ணு கேப்போம். ரோகிணி. அது மேல ஏறிடுச்சு. மேஸ்திரி, அங்க செவப்பா ஒண்ணு மினுக்குதே, தெரியுதா? இந்தச் சின்னக் கண்ணாடி வழியா பாத்து, நடுவுக்கு வந்ததும் சொல்லுங்க. நான் பட்டனை அழுத்தறேன்.

— இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்... போதும், போதும். ஒரு நூல் கீழ. ஆ, அச்சா உக்காந்துடுச்சு.

— ஒரு நூலா! கட்டடம் கட்டறியாய்யா?

— பழக்கம் விடாதுங்களே ஐயா.

— அடுத்த நட்சத்திரமும் ஆச்சு. பச்சை விளக்கு எரியுது பாருங்க. இனி கிரகம் பாக்கலாம். சனிக்கு அனுப்பவா?

— வேற நல்ல கிரகமே கிடைக்கலியா மேடம்? ஏழரையில சிக்கித்தான் பாதிப் பேர் இங்க வந்திருக்கான். அதைக் கூப்பிட்டுக் காட்டணுமா?

— பாத்துட்டுச் சொல்லுங்க சார். முதல்ல மேஸ்திரி பாக்கட்டும்.

— ஐயா பாக்கட்டும் டீச்சர்.

— ரொம்ப உபசாரம் பண்ணாத. குனிஞ்சு பாரு.

— தெரியுதா மேஸ்திரி?

— உள்ள படம் கிடம் ஒட்டி வச்சிருக்கீங்களா டீச்சர்?

— எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. நிஜம்தான். அந்த வளையமும் நிஜம்.

— அது பாட்டுக்கு நிக்குதே. ஒரு சத்தம் இல்ல, ஒண்ணும் இல்ல. ஐயா, நீங்க பாருங்க. கண்ணை ரொம்ப ஒட்டாதீங்க.

— எனக்குச் சொல்லித் தர்றியா நீ... அட. அட, இவரா அவர்? இவரைப் பாத்தா பயந்தோம்? மோதிரம் போட்ட கோலிகுண்டு மாதிரி இருக்காரு. கடைசியில நானே சனிக்குக் குனிஞ்சு கும்பிடு போட்ட மாதிரி ஆயிடுச்சு.

— டீச்சர், வெளிய இருக்கிறவங்களுக்கும் இப்ப இது இதே இடத்துலதான் தெரியுமா?

— ஆமா. இந்தப் பக்கத்து ஊர்ல எங்கேருந்து பாத்தாலும் இங்கதான்.

— எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. நிமிந்தா அவளுக்கும் இது தெரியும். அதான் கேட்டேன்.

— இவன் பொண்ணு வந்து ரொம்ப வருஷம் ஆச்சு மேடம். பாவாடை சட்டையில வந்தது, அதுதான் கடைசி. மனு நாள், அதான் சொந்தக்காரங்க பாக்க வர்ற நாள், ஒண்ணு விடாம இவன் குளிச்சு, தலை வாரிட்டு உக்காந்திருப்பான். நான் போய், யாரும் வரலைய்யான்னு சொல்லணும். இந்த வேலையில எனக்குப் பிடிக்காதது அது ஒண்ணுதான்.

— விடுங்க ஐயா. அவ மேல தப்பு இல்ல. டீச்சர், நான் அடிச்சது என் கூடப் பொறந்தவனை. பாகத் தகராறு. ஒரே அடி, கையில கிடைச்ச கட்டையால. எந்திரிச்சுடுவான்னு நினைச்சேன். எம் பொண்ணைத் தோள்ல தூக்கி வச்சு வளத்தவன் அவன். சித்தப்பா வந்தாத்தான் சாப்பிடுவேன்னு அடம் பிடிப்பா. அவ வந்தா, எதிர்ல நின்னு ஏன்பான்னுதான் கேப்பா.

— கேட்டா என்ன சொல்லணும்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?

— எத்தனையோ யோசிச்சேன். எல்லாமே சாக்குப்போக்கு மாதிரி இருக்கு. அப்புறம் யோசிக்கிறதை விட்டுட்டேன். ஆமா டீச்சர், மட்டம் பாக்கத் தெரிஞ்சவங்க உள்ள இன்னும் நாலு பேர் இருக்காங்களே. என்னைத்தான் அனுப்பணும்னு நீங்க கேட்டீங்களாம். ஐயா சொன்னாரு. எதுக்கு?

— சார், நேரம் ஆச்சுன்னு கோபுரத்துலேருந்து டார்ச் காட்டறாங்க போல.

— காட்டட்டும். நான் பாத்துக்கறேன். நீங்க பதில் சொல்லுங்க மேடம்.

— உங்க பொண்ணு எங்க காலேஜ்ல என்கிட்டதான் படிக்கிறா மேஸ்திரி. இதை இங்க கொண்டு வரலாம்னு முதல்ல சொன்னதே அவதான்.

— யோவ், உக்காரு. இந்தா, இந்த ஸ்டூல்ல உக்காரு. மெதுவா.

— என்னைப் பத்தி... ஏதாவது சொன்னாளா டீச்சர்?

— ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. நாளைக்கு இந்த மெஷினை ஓட்டப் போறது அவதான். வரிசையில உங்களைக் கடைசி ஆளா நிறுத்தச் சொன்னா. அப்பதான் பின்னாடி நின்னு யாரும் அவசரப்படுத்த மாட்டாங்களாம்.