மரம், பட்டு நூல், நெசவாளர்

பிப்ரவரி கடைசி வியாழன், மாலை நாலரை மணி. ஓவியக் கல்லூரி வாசலிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்து. நான் நின்ற இடத்துக்கு அருகே இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கப்பாவ சாமான் லிஸ்ட்ல சேர்த்துட்டான்டி அவன்.”

“யாரு, ஃபைனல் இயர் தாடியா?”

“அவன்தான். எக்ஸிபிஷன்ல தறிய கொண்டாந்து வெச்சு, எங்கப்பாவ உக்கார வெச்சு நெய்யச் சொன்னான்ல? பக்கத்துல இங்கிலீஷ்ல அட்டை வெச்சிருக்கான். என்னென்ன பொருள்ல செஞ்சதுன்னு போட்டு, மரம், பட்டு நூல், நெசவாளர்.”

“தூ! அவன் பேரு?”

“மேல, கொட்டை எழுத்துல. தறியில பாவு நூல் ஒரு இழை அறுந்ததுக்கு முழிச்சிக்கினு நின்னான். எங்கப்பாதான் முடிச்சுப் போட்டாரு. ஆனா ஆர்ட்டிஸ்ட்டு அந்தத் தாடியாம்!”

“அப்பா ஒண்ணும் கேக்கலியா?”

“அவருக்கு எங்க இங்கிலீஷ் தெரியும்? என்னா எழுதியிருக்குதுன்னு என்னைக் கேட்டாரு. உன் பேருதான்பான்னு சொல்லிட்டேன். அட்டைய ஆசையா தடவிப் பார்த்தாரு.”



“சரி விடு. நாளையோட முடியுதுல்ல?”

“நாளைக்கு அப்பா எங்க சித்தப்பா பசங்கள கூட்டிக்கினு வராராம், அட்டையில தன் பேரைக் காட்ட. எல்லாம் இங்கிலீஷ் மீடியம்.”