பாதி வழியில் இறங்குவதற்கென்றே வாங்கிய டிக்கெட்

விமான நிலையக் காவல் நிலையம், வருகைக் கூடத்தை அடுத்த அறை. காலை 9.05 மணிக்கு ஆய்வாளர் அம்மா கேட்க, எழுத்தர் தட்டச்சு செய்ய, பயணி தன் வாயால் சொன்னது.

என் முழுப் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் முதல் தாளில் இருக்கின்றன. வயது ஐம்பத்து நான்கு. கணவரைப் பிரிந்து பதினாறு வருடமாகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை இருபத்தேழு வருடமாகச் செய்கிறேன். கடைக்கு மேலே உள்ள அறையிலேயே குடியிருக்கிறேன். தெருவில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'டிக்கெட் அக்கா' என்பார்கள். என்மீது இதற்கு முன் எந்தப் புகாரும் கிடையாது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று ஆய்வாளர் அம்மா கேட்டதால் சொல்கிறேன். வெளிநாடு போகிற யாராக இருந்தாலும் எங்கள் தெருவில் முதலில் என்னிடம்தான் வருவார்கள். எந்தக் கிழமையில் கூட்டம் குறைவு, எத்தனை வாரம் முன்னால் போட வேண்டும், பக்கத்து ஊர் விமான நிலையத்திலிருந்து ஏறினால் எவ்வளவு குறையும், வழியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கத் தயாரா என்றெல்லாம் கேட்டு, கடையில் வேலை இல்லாத மதிய நேரத்தில் கைபேசியில் தேடி எடுத்துக் கொடுப்பேன். ஒரு பைசா வாங்கியதில்லை. அடுத்த வீட்டுக்காரர் கொடுத்ததைவிடக் குறைவாக ஒரு டிக்கெட் கிடைத்துவிட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

எனக்கு ஒரே தங்கை. வயது நாற்பத்தொன்பது, இந்த ஊரில் இருக்கிறாள், ஒரு அலுவலகச் சமையலறையில் மேற்பார்வை பார்க்கிறாள், தனி ஆள். போன மாதம் அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என்றும், மாற்ற வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் இன்று காலை பதினொரு மணிக்கு. பத்தரைக்கு வார்டிலிருந்து கொண்டுபோய்விடுவார்கள் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

தங்கைக்குச் சிறு வயதிலிருந்தே கண்ணாடி. கழற்றிவிட்டால் ஒரு சாண் தூரத்துக்கு மேல் எல்லாம் புகை மூட்டம்தான். ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி வாங்கிவிடுவார்களாம். அதனால் என்னிடம் போனில், "அக்கா, கண்ணாடி இல்லாம அத்தனை பேரும் எனக்கு வெள்ளை வெள்ளையாத்தான் தெரிவாங்க. நீ பக்கத்துல நின்னு கையைப் பிடிச்சுக்கோ, அது போதும்" என்றாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு டிக்கெட் தேடினேன். இந்த ஊருக்கு நேராக வரும் விமானம் ஒன்று நேற்று மாலையே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் விலை கண்ணைக் கட்டியது. அதே சமயம், இந்த ஊர் வழியாக இன்னும் தூரத்து ஊருக்குப் போகும் டிக்கெட் ஒன்று அதில் பாதிக்கும் கீழே கிடந்தது. இன்று காலை ஏழு மணிக்கு இங்கே இறங்கி, எட்டரைக்கு அடுத்த விமானம் ஏற வேண்டும். ஏறாமல் இங்கேயே வெளியே போய்விட்டால் நமக்கு வேண்டிய ஊர் பாதி விலையில் கிடைத்த மாதிரி. இது எப்படி என்று எழுத்தர் கேட்டார். கடைசி ஊருக்கு விமான நிறுவனங்களுக்குள் போட்டி அதிகம், அதனால் அங்கே குறைத்து விற்கிறார்கள், அவ்வளவுதான். நான் இதற்கு முன் மூன்று முறை இப்படிப் பாதியில் இறங்கியிருக்கிறேன். இந்த ஊருக்கு எனக்கு முறையான விசா இருக்கிறது. நேர் டிக்கெட் வாங்க என்னிடம் பணம் இல்லாததால் இந்த டிக்கெட்டை வாங்கினேன்.

இப்படி இறங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான், பெட்டி எதையும் கவுண்டரில் போடக் கூடாது. போட்டால் அது கடைசி ஊருக்குப் போய்விடும். ஆகவே தோளில் மாட்டும் பச்சைப் பை ஒன்று மட்டும் கொண்டுவந்தேன். அதில் இரண்டு மாற்றுப் புடவை, ஃபிரேமைச் சூடாக்கி வளைக்கும் சின்ன ஹீட்டர், அதன் வயர், திருகு முடுக்கும் ஊசிக் கருவி, அடியில் ஒரு கண்ணாடிக் கூடு ஆகியவை இருந்தன. கூட்டில் தங்கைக்காக நானே தேய்த்த புதுக் கண்ணாடி. அவளுடைய பழையது ஒரு பக்கக் கால் உடைந்து நூல் சுற்றியிருக்கிறது, பவரும் ஏறிவிட்டது.

நேற்று இரவு எங்கள் ஊரில் விமானத்தில் ஏறும் கதவருகே ஊழியர் பெண் ஒருத்தி என்னை நிறுத்தி, உள்ளே மேலே பை வைக்கும் இடம் நிரம்பிவிட்டது, கடைசியில் ஏறுகிறவர்களின் பையெல்லாம் கீழே போகும் என்று சொல்லி என் பையில் ஒரு சீட்டைக் கட்டினாள். "கடைசி ஊர்ல எடுத்துக்கலாம்மா, கவலையே படாதீங்க" என்றாள். நான் கவலைப்பட்டதே அதற்குத்தான். பாதியில் இறங்கப் போகிறேன் என்று சொன்னால் ஏறவே விடமாட்டார்களோ என்று பயந்தேன். கூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள், அவள் அதற்குள் பையை வண்டியில் வைத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் வாய் கிழிய யோசனை சொல்கிற நான் அங்கே ஊமை மாதிரி நின்றேன். பை போனால் போகட்டும், பிறகு எழுதி வரவழைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஏறினேன்.

பக்கத்து இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இருந்தார். கப்பல் எஞ்சின் அறையில் வேலை, எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்து இப்போதுதான் கிடைத்திருக்கிறது, இன்று மாலை கடைசி ஊரிலிருந்து கப்பல் கிளம்புகிறது என்று சொன்னார். வேலை உத்தரவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார், மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் வாங்கியிருந்த டிக்கெட்டைப் பார்த்து, இரண்டு நாள் முன்னால் கிளம்பியிருந்தால் இதைவிடக் குறைவாகக் கிடைத்திருக்கும் என்று சொன்னேன். மனிதர் முகம் சுருங்கிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

காலை 7.10க்கு இறங்கினோம். அவர் அடுத்த விமானத்தின் பக்கம் போனார், நான் குடியேற்ற வரிசைக்குப் போனேன். முத்திரை குத்தி வெளியே வர எட்டு மணி ஆயிற்று. அதன் பிறகு டாக்சி வரிசையில் நின்றேன். மருத்துவமனைக்கு இருபத்தைந்து நிமிடம்தான் என்று முன்னால் நின்றவர் சொன்னார். எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள்.

8.15க்கு ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லி உடனே விமானத்துக்கு வரும்படி அழைத்தார்கள். காதில் விழாதது போல நின்றேன். இரண்டாம் முறை அழைத்தபோது முன்னால் இரண்டு பேர். மூன்றாம் முறை, இந்தப் பயணியின் பை விமானத்தில் இருக்கிறது, பயணி வராமல் விமானம் புறப்படாது, எங்கிருந்தாலும் தொடர்புகொள்ளவும் என்றார்கள். ஆள் இல்லாமல் பை மட்டும் போகாது என்பது எனக்குத் தெரியாது. எத்தனையோ பேருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவளுக்கு அது தெரியாது.

அப்போது டாக்சி வந்து நின்று, டிரைவர் கதவைத் திறந்து, "எங்கம்மா போகணும்?" என்றார். ஏறியிருந்தால் எட்டே முக்காலுக்குத் தங்கை பக்கத்தில் நின்றிருப்பேன். கப்பல்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணிலேயே நின்றது. நீங்கள் போங்கள் என்று பின்னால் இருந்தவருக்கு வழிவிட்டுவிட்டு விசாரணை மேசைக்குப் போனேன். "நீங்க கூப்பிடுற ஆள் நான்தான். அந்தப் பையும் என்னோடதுதான். பச்சைப் பை, பிடியில மஞ்சள் நாடா கட்டியிருக்கும். எடுத்துட்டு விமானத்தை அனுப்புங்க, நான் அதுல வரல" என்று சொன்னேன். மேசையில் இருந்த பையன் போனை எடுத்தான், இரண்டே நிமிடத்தில் காவலர்கள் வந்தார்கள். யாரும் என்னைத் தொடவோ மிரட்டவோ இல்லை.

அடையாளம் சொன்னதால் பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் என்றும், விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பிவிட்டது என்றும் ஆய்வாளர் அம்மா இந்த அறையில் சொன்னார். கப்பலைப் பிடித்துவிடுவாரா என்று கேட்டேன். தாராளமாக என்றார்.

அதன் பிறகு என் முன்னிலையில் பையைத் திறந்தார்கள். ஹீட்டரையும் வயரையும் எக்ஸ்ரேயில் படம்பிடித்துப் பார்த்தபோது சந்தேகமாகத் தெரிந்ததாம். என்ன பொருள், எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுத்தரின் கண்ணாடி மூக்கில் சறுக்கிக்கொண்டே இருந்ததால், அனுமதி கேட்டு, அந்த ஹீட்டரை வைத்தே அதை வளைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் அவர் ஒற்றை விரலால்தான் தட்டினார். "தம்பி, பத்தரைக்கு அவளைக் கொண்டு போயிடுவாங்கப்பா" என்றேன். இதையும் எழுதட்டுமா என்று கேட்டார். எழுதச் சொன்னேன்.

பையின் பக்க அறையிலிருந்து ஒரு கவரை எடுத்து, உள்ளே இருந்த இந்த ஊர் நோட்டுகளைக் காட்டி, இது என்ன என்று ஆய்வாளர் அம்மா கேட்டார். கைச்செலவுக்கு என்று சொன்னேன். "இவ்வளவா?" என்றார். நான் ஹீட்டரின் வயரைச் சுருட்டி வைத்தேன்.

இந்த இடத்தில், 10.12க்கு, தங்கையிடமிருந்து என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. ஆய்வாளர் அம்மா எடுக்கச் சொன்னார். முகம் தெரியும் அழைப்பு. படத்தில் கூரையும் ஒரு விளக்கும்தான் தெரிந்தன.

"அக்கா, சீக்கிரமாவே கூட்டிட்டுப் போறாங்க. கண்ணாடியை வாங்கிட்டாங்க. எங்க இருக்க?"

"ஏர்போர்ட்லதான்டி. போலீஸ்ல உட்கார்ந்திருக்கேன். ஒண்ணும் பயமில்ல. பாதியில இறங்கற டிக்கெட் போட்டேன், பை மாட்டிக்கிச்சு."

"நேர் டிக்கெட்டுக்குத்தானேக்கா உனக்குப் பணம் அனுப்பினேன்?" என்றாள்.

"அது அப்படியே இருக்கு. மிச்சம் பிடிச்சு உன்கிட்டயே திருப்பிக் கொடுக்கலாம்னு..."

"நான் உன்னைத்தானேக்கா கேட்டேன். மிச்சத்தையா கேட்டேன்?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். போனை மூக்குக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். திரை முழுக்க அவள் ஒரு கண் மட்டும் தெரிந்தது. என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன். "தெரியுது. அழாத, அசிங்கமா இருக்க" என்றாள். "நான் முழிச்சதும் உன்னைத் திட்டணும். எங்கயும் போயிடாத" என்றாள். பிறகு யாரோ அவள் கையிலிருந்து போனை வாங்கினார்கள். மணி 10.16.

அதன் பிறகு ஆய்வாளர் அம்மா தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, முன்னால் சொன்னதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். நேர் டிக்கெட் வாங்கப் பணம் இல்லை என்று நான் சொன்னது பொய். பணம் இருந்தது. தங்கை அனுப்பியதை இந்த ஊர் நோட்டாக மாற்றி வைத்ததுதான் அந்தக் கவரில் இருப்பது; கதவருகே நெருக்கடியில் அதையும் எடுக்க முடியாமல்தான் பையோடு விட்டேன். அவள் மேசையில் அதை வைத்து, 'பார்த்தியா, உங்க அக்காவை யாருன்னு நினைச்ச' என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டு எடுத்துவந்தேன். நேர் விமானத்தில் வந்திருந்தால் நேற்று ராத்திரி முழுவதும் அவள் பக்கத்தில் இருந்திருப்பேன். இதை யாரும் கேட்டு நான் சொல்லவில்லை.

விமான நிறுவனம் என்ன அபராதம் போட்டாலும் கட்டுகிறேன். கூப்பிடும்போது வந்து ஆஜராகிறேன். அதுவரை பை, கருவிகள், கவர் எல்லாம் இங்கேயே இருக்கட்டும். கண்ணாடிக் கூட்டை மட்டும் கேட்டேன், அவள் கண் விழிக்கும்போது போட்டுவிட வேண்டும். ஆய்வாளர் அம்மா கூட்டைத் திறந்து, கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, துடைத்துத்தான் கொடுத்தார்.

இதை எனக்கு முழுதாகப் படித்துக் காட்டினார்கள். திருத்திய அந்த ஒரு வரி நீங்கலாக, சொன்னதெல்லாம் நடந்தது நடந்தபடியே. கண்ணாடிக் கூடு ஒன்று பெற்றுக்கொண்டேன்.

(கையொப்பம்)
காலை 10.41

எழுத்தர் குறிப்பு: மேற்படி பயணி டாக்சி வரிசையின் கடைசியில் போய் நின்றார். ஆய்வாளர் உத்தரவின்படி நிலைய வாகனத்தில் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். கூட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் வாகனத்தின் கதவை நான் திறந்துவிட்டேன்.