ஒன்றரை நிமிசக் கலியாண ட்ரெய்லர்

பெப்ரவரி மாதத்தை டென்மார்க்கில ஒருத்தருக்கும் பிடியாது. எனக்குப் பிடிக்கும். ஒடென்சேயில காலமை பத்து மணிக்கு யன்னலால வாற அந்த நீல வெளிச்சத்தை எந்த லைற்றாலயும் செய்யேலாது. பாலேந்திரா அண்ணை, இதையும் பொலிஸ்காரருக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கோ. அப்பதான் மிச்சம் விளங்கும்.

என்ர பேர் கோணேஸ்வரன். கிழமை நாளில முதியோர் இல்லத்தில வேலை, சனி ஞாயிறில கலியாண ட்ரெய்லர். ஓம், கலியாணத்துக்குத்தான். இப்ப எங்கட சனம் அழைப்பிதழைப் பார்த்து வாறேல்லை. ட்ரெய்லரைப் பார்த்துத்தான் போறதோ விடுறதோ எண்டு முடிவெடுக்கும். பாலேந்திரா அண்ணையின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கும் நான்தான் செய்தனான். கதிரை போதாமல் சனம் நிண்டு சாப்பிட்டது. அதையும் சொல்லுங்கோ அண்ணை, வெக்கப்படாதேங்கோ.

மனோரஞ்சிதம் அக்காவுக்கு வந்த கரைச்சல் என்னெண்டால், மகள் நிலுஷாவின்ர கலியாணம் வைச்ச அதே சனிக்கிழமை ரண்டர்ஸ் பட்டினத்திலயும் ஒரு கலியாணம். ரெண்டு பக்கமும் கூப்பிட்டது ஒரே சனத்தை. அந்தக் கலியாண ட்ரெய்லரை எனக்குப் போட்டியா நிக்கிற நிக்கலஸ் செய்தவன். பொம்பிளையின்ர தேப்பன் விம்மி விம்மி அழுறார், மேல ட்ரோன் பறக்குது. அக்கா அதை இருபது தரம் பார்த்திட்டா.

"தம்பி, மண்டபம் காஞ்சு கிடந்தால் நான் வெளியில முகம் காட்டேலாது. என்னத்தையாவது செய்து சனத்தை எங்கட பக்கம் இழு" எண்டா. நான் அவ கேட்டதைத்தான் செய்தனான்.

ட்ரெய்லர் எண்டால் முதல் மெல்லிசா ஒரு வீணை. பிறகு வெட்டு, வெட்டு, வெட்டு. தாலி, மருதாணிக் கை, குத்துவிளக்கு, அரைச் செக்கனுக்கு ஒண்டு. பார்க்கிறவைக்கு மூச்செடுக்க இடம் குடுக்கக்கூடாது. பிறகு டக்கெண்டு அமைதி. அதுக்குள்ள ஒரு தாயின்ர அழுகை, அதுக்குப் பிறகு 'டும்' எண்டு ஒரு அடி. நிறமும் அப்பிடித்தான். எல்லாம் நீலம், நடுவில ஒரே ஒரு சிவப்பு. அக்காவைச் சிவப்புச் சேலை உடுத்தச் சொன்னனான். மைக்கை நெஞ்சோட குத்திவிட்டன்.

அக்காவுக்கு அழ வரேல்லை. வெங்காயமும் வெட்டிப் பார்த்தம். கண்ணீரோட சிரிப்பும் வருது. பதினோராவது தரமும் சிரிச்சா. பாவம், நல்ல மனுசி.

நிலுஷா அண்டைக்குக் கொப்பன்ஹேகனுக்குச் சேலை எடுக்கப் போனவள். நான் போனைக் காதில வைச்சுக்கொண்டு, "அக்கா, பிள்ளையின்ர கார் கடல் பாலத்தில அடிபட்டிட்டுதாம்" எண்டன். அந்த அழுகையை நீங்களும் கேட்டனீங்கள். நிக்கலஸ் தலைகீழா நிண்டாலும் அப்பிடி ஒண்டு எடுக்கமாட்டான்.

பிறகு அவ நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு சரிஞ்சா. நடிக்கிறா எண்டு நினைச்சதாத்தான் முதல் விசாரணையில சொன்னனான். அதைத் திருத்தவேணும். பதினாறு வருசம் முதியோர் இல்லத்தில நிண்டவனுக்கு நெஞ்சுவலி தெரியாமல் போகுமே? நாக்குக்குக் கீழ வைக்கிற குளிசை அவவின்ர கைப்பையில இருந்தது. படத்தில விழுது எண்டு அந்தப் பையைக் குசினிக்குள்ள கொண்டுபோய் வைச்சதும் நான்தான்.

அந்த 'டும்' சத்தத்தை எங்க வாங்கினது எண்டு கொப்பன்ஹேகன் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில இருந்தெல்லாம் சனம் கேக்கினம். வாங்கேல்லை. அது அக்காவின்ர நெஞ்சு. முதல் விரைவா அடிச்சுது, பிறகு விட்டு விட்டு. எடிட்டிங்கில நான் அதில ஒரு இடத்திலயும் கை வைக்கேல்லை.

அடுத்த நாளே ட்ரெய்லரை விட்டன். கலியாணம் நிண்டுபோச்சு, உண்மைதான். ஆனால் அதே சனிக்கிழமை செத்தவீட்டுக்கு அறுநூறு பேர். ரண்டர்ஸ் கலியாணத்தில பாதிக் கதிரை சும்மா கிடந்ததாம். அக்கா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பா.

பதிவில நாலாவது நிமிசத்தைக் காணேல்லை எண்டு கேக்கிறீங்கள். அழிச்சது நான்தான். அதில பாவிக்கக்கூடியதா ஒண்டுமில்லை. முகம் நிழலுக்குள்ள விழுந்திட்டுது. போய்த் தோளைப் பிடிச்சு யன்னல் பக்கம் திருப்பினன். அப்ப என்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு, "தம்பி, பிள்ளைக்கு ஒண்டுமில்லையே?" எண்டு கேட்டா.

ஒண்டுமில்லை எண்டு சொல்லியிருக்கலாம். சொன்னால் முகம் ஆறிப்போயிடும், முன்னுக்கு எடுத்ததோட ஒட்டாது. விரலை ஒவ்வொண்டாக் கழட்டிவிட்டிட்டு, கமராவுக்குப் பின்னால போய் நிண்டன்.