தேயாத பெல்ட்

மெக்கானிக்: காதைப் பொத்திக்குங்கம்மா... ஆன் பண்றேன்.

மருமகள்: பரவாயில்லண்ணா. எனக்குப் பழகிப்போச்சு.

மெக்கானிக்: யப்பா! இது நடக்கிற மிஷினா, மாவு மில்லா?

மருமகள்: ஒரு வருஷமா இப்படித்தான்...

மெக்கானிக்: என்ன? இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க.

மருமகள்: ஒரு வருஷமா இப்படித்தான் ஓடுதுன்னேன்!

மெக்கானிக்: இருங்க, நிறுத்திடறேன்... ஹப்பா. போனைப் பாருங்க, தொண்ணூத்திரண்டு டெசிபல் காட்டுது. எண்பத்தஞ்சைத் தாண்டினாலே காதுக்குக் கேடு. பேரிங் போயிடுச்சு, கைய வெச்சாலே தெரியுது. அடியில ரப்பர் மேட் கிடையாது, வெறும் டைல்ஸ். பொட்டி மாதிரி ரூம். கதவையும் சாத்திக்குவீங்களா?

மருமகள்: சாத்திக்குவேன்.

மெக்கானிக்: நல்லாருக்கு! அவ்வளவு சத்தமும் உங்க மண்டைக்குள்ளதான். காதுல எதையாச்சும் வெச்சுக்குவீங்களா?

மருமகள்: ஒண்ணும் இல்ல.

மெக்கானிக்: பாட்டு கேக்காத வரைக்கும் புண்ணியம். சில பேர் இயர்போனை மாட்டி, இந்தச் சத்தத்துக்கு மேல பாட்டை அலற விடுவாங்க. ரெட்டை அடி. மெடிக்கல் கடையில மெத்துன்னு ஒரு அடைப்பான் விக்குது. உருட்டி உள்ள வெச்சா விரிஞ்சு அடைச்சுக்கும். வாங்கி வெச்சுக்குங்க.

மருமகள்: இனிமே எதுக்குண்ணா...

மெக்கானிக்: ஏன், இப்பவே காது இரையுதா?

மருமகள்: ...மிஷினை நிறுத்தினா கேக்குது.

மெக்கானிக்: ஙொய்யின்னா?

மருமகள்: மணி அடிக்கிற மாதிரி.

மெக்கானிக்: எத்தனை நாளா?

மருமகள்: மூணு வாரமா.

மெக்கானிக்: ஓ... அந்தம்மா தவறினதிலேர்ந்தா.

மருமகள்: எங்க அத்தை போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?

மெக்கானிக்: உங்க வீட்டுக்காரர்... சார் வீடியோ கால்ல சொன்னாரு. பேச்சுவாக்குல.

மருமகள்: ம்.

மெக்கானிக்: இது என்னம்மா, மீட்டர்ல ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் காட்டுது? பெல்ட்டைத் தடவினா இப்பத்தான் கடையிலேர்ந்து இறக்கின மாதிரி இருக்கு.

மருமகள்: நான் எடை கம்மி.

மெக்கானிக்: அதுக்காகக் காத்துலயா நடப்பீங்க!

மருமகள்: சிரிக்காதீங்கண்ணா.

மெக்கானிக்: சிரிக்கலம்மா... அடுத்த ரூம்லதானே அவங்க படுத்திருந்தாங்க? கட்டில் பக்கத்துல ஒரு கைமணி இருக்குமாமே.

மருமகள்: மணிக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்?

மெக்கானிக்: இல்ல, சும்மா...

மருமகள்: அவர் எதுக்கு உங்களை அனுப்பினாரு?

மெக்கானிக்: சர்வீஸுக்குத்தான்.

மருமகள்: என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

மெக்கானிக்: வந்ததிலேர்ந்து உங்க முகத்தைத்தாம்மா பாத்துக்கிட்டிருக்கேன்... சரி, மறைக்கல. 'பேரிங்கை மாத்தறதுக்கு முன்னாடி, பழைய சத்தத்துலயே ஒரு தடவை ஓட விடு. அந்த ரூம்ல மணி அடிச்சா இங்க கேக்குதான்னு பாத்து எனக்கு மட்டும் சொல்லு'ன்னாரு.

மருமகள்: 'எனக்கு மட்டும்'னாரா...

மெக்கானிக்: எதிர்வீட்டம்மாவுக்கு அன்னிக்கு மணி கேட்டுச்சாம். ஜன்னல் வழியா. ரொம்ப நேரம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சாம்.

மருமகள்: அவங்க காதுகிட்ட மிஷின் ஓடலையே.

மெக்கானிக்: அதையேதான் நானும் சொன்னேன். இவ்வளவு சத்தத்துக்குள்ள நடக்கறவங்களுக்கு எப்படி சார் கேக்கும்னு.

மருமகள்: என்ன சொன்னாரு?

மெக்கானிக்: அழுதாரு. பெத்த அம்மா மூச்சுத் திணறிக் கிடந்தப்ப நான் ஆபீஸ்ல டீ குடிச்சுக்கிட்டிருந்தேன்னு.

மருமகள்: ...நான் அந்த ரூமுக்குப் போய் அடிக்கறேன். நீங்க கேளுங்க.

மெக்கானிக்: வேண்டாம்னா விட்டுடலாம்மா.

மருமகள்: இல்ல. தெரிஞ்சுக்கட்டும்.

மெக்கானிக்: அன்னிக்கு எந்த வேகத்துல ஓடிச்சு?

மருமகள்: பன்னெண்டு.

மெக்கானிக்: பன்னெண்டா? அது ஓட்டமாச்சே! நீங்க நடக்கறவங்கதானே?

மருமகள்: பன்னெண்டுல வையுங்க.

மெக்கானிக்: சரி, சரி... போட்டாச்சு! அடிங்கம்மா!... ம்... அடிச்சாச்சா?... கேக்கல! இன்னும் பலமா!... ம்ஹூம், ஒண்ணுமே கேக்கல!... போதும்! நிறுத்திடறேன்!... அம்மாடி. சத்தியமா ஒரு துளி கேக்கலம்மா. சாருக்கு இப்பவே வீடியோ கால் பண்ணிடறேன், மனுஷன் மனசு ஆறட்டும். எதுக்கும் மிஷின் நின்னிருக்கும்போது ஒரே ஒரு தடவை அங்கேர்ந்து அடிச்சிடுங்க, கேட்டுச்சுன்னு சொல்லணும்ல... ம், அடிங்க... அம்மா? ஏன் அடிக்கல?

மருமகள்: அண்ணா! இங்க திரும்புங்க.

மெக்கானிக்: அட, வந்துட்டீங்களா! எப்ப வந்தீங்க?

மருமகள்: நீங்க மிஷினை நிறுத்தினப்பவே. உங்க முதுகுக்குப் பின்னாடி நின்னு மணியை அடிச்சுக்கிட்டேதான் இருக்கேன்.

மெக்கானிக்: குடுங்க அதை... ஆமா, கைக்கு அதிருது.

மருமகள்: எத்தனை வருஷமாண்ணா?

மெக்கானிக்: எட்டு... எட்டு வருஷம் இருக்கும். கீச்சுன்னு வர்ற சத்தம்தான் மொதல்ல போச்சு. குருவி, விசில், குக்கர்... ஜிம் ஜிம்மா ஏறி இறங்கினேன், ஒரு நாளும் காதுல எதுவும் வெச்சதில்ல. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவேன், வெச்சதில்ல. வாயைப் பாத்தா பேச்சு புரிஞ்சிடும், கைய வெச்சா மிஷின் புரிஞ்சிடும். அப்படியே ஓட்டறேன்.

மருமகள்: ஆபீஸ்ல தெரியாதா?

மெக்கானிக்: தெரிஞ்சா? காது போன மெக்கானிக்கை எவன் வெச்சுக்குவான்?

மருமகள்: அப்ப உங்களுக்குக் கேக்கலைங்கறது...

மெக்கானிக்: எனக்குக் கேக்கல. அது நிஜம்தானே? அதை மட்டும் சார்கிட்ட சொல்லிடறேன். நீங்க என்னைக் காட்டிக் குடுக்காதீங்க... நானும் அந்த பெல்ட்டைப் பத்தி வாயைத் திறக்கல. இதோட முடியட்டும். என்னம்மா?

மருமகள்: போனை உள்ள வையுங்கண்ணா. உங்களைப் பத்தி நான் யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்ட நானே பேசிக்கறேன்.

மெக்கானிக்: பேசறதுக்கு என்னம்மா இருக்கு? அவ்வளவு சத்தத்துல கேக்கலைன்னா கேக்கலதான்!

மருமகள்: இந்த மிஷின்ல நான் ஒரு நாள்கூட நடந்ததில்ல. அத்தை மணி அடிக்க ஆரம்பிச்சா, கதவைச் சாத்தி இதை வெறுமனே ஓட விட்டுட்டு, அதோ அந்த ஸ்டூல்ல உக்காந்துக்குவேன். ஒரு நாளைக்கு நாப்பது தடவை அடிப்பாங்கண்ணா... தலையணை சரியில்ல, ஃபேன் வேகம், ஒண்ணுமில்ல சும்மா கூப்பிட்டேன்னு... அன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். ஆறுல ஓடிச்சு, மணி கேட்டுச்சு. பன்னெண்டுல வெச்சேன்... அப்பவும் கேட்டுச்சு. அது நிக்கற வரைக்கும் எனக்குக் கேட்டுச்சுண்ணா.